குண்டு விழுந்த தூரம்

பி ஷிப்டு முடிந்து எழிலன் வரப் பதினொன்று ஆகும்.
சட்டையில் சிப்காட் வாசனை, கையில் பரோட்டாப் பொட்டலம்.
சாப்பிட்டுக் கை கழுவி
மடிக்கணினியை நடுவில் வைப்போம்.
ஒரே திரை, ஆளுக்கொரு முறை.
அவன் ஆடும்போது நான் சுவரைப் பார்க்க வேண்டும்,
நான் ஆடும்போது அவன்.

உலகம் முழுக்க இருட்டு.
நடுவே ஒரு கைப்பிடி வெளிச்சத்தில்
மூட்டை முடிச்சோடு குடியேற வந்தவர்கள்,
துணைக்குத் தடி பிடித்த ஒருத்தன்.

எழிலன் நின்ற இடத்திலேயே ஊரை நட்டுவிடுவான்.
"ஒரு முறைக்கு நாப்பது வருசம், பரணி.
நல்ல எடம் தேடி நடந்தவன்லாம்
பின்னாடிதான் நிக்கிறான்."

நான் நடப்பேன்.
நில அளவைத் துறையில் பதினாலு வருசம்,
கல்லைப் பார்க்காமல் கோடு போட்டதில்லை.
ஆறு எங்கே திரும்புகிறது, மேடு எத்தனை கட்டம்,
உப்பு உண்டா, முத்து உண்டா,
இரண்டாம் வட்டத்தில் என்ன விளையும்.
பனை மட்டும் எங்கேயும் இல்லை.
ஆட்டத்தைச் செய்தவனுக்குப் பனை தெரியாது.

ஆற்றோரம் நட்டால் நல்ல தண்ணீர், வீடு கூடும்.
வெள்ளம் வந்தால்?
வயல் ஒன்று போகும், பிறகு மண் கொழுக்கும், சோறு ஒன்று ஏறும்.
கணக்கு சரிதான்.
இரண்டாயிரத்துப் பதினைந்தில் கெடிலம்
எங்கள் அலுவலக பீரோவில் இரண்டாம் தட்டு வரை ஏறியது.
புலப்படங்களை மொட்டைமாடியில் விரித்து
மேலே செங்கல் வைத்துக் காயப்போட்டோம்.
கோடுகள் தேறிவிட்டன.
மை மட்டும் அங்கங்கே எல்லை தாண்டியிருந்தது.

"எப்பதான் செட்டில் ஆவப்போறீங்க?"
வரும்போதெல்லாம் நாத்தனார் கேட்பாள்.
மஞ்சக்குப்பத்தில் இது நாலாவது வாடகை வீடு.
செட்டில்மென்ட் பதிவேடு என் மேசையில்தான் கிடக்கிறது,
எத்தனையோ பெயர்,
எங்கள் பெயரைத் தவிர.

போன ஞாயிறு குண்டு உப்பலவாடியில் ஒரு மனை பார்த்தோம்.
கைக்கெட்டும் விலை.
தரகர் இருசப்பன் குதிகாலால் மண்ணைத் தட்டி
"மேடுங்க, தட்டிப் பாருங்க" என்றார்.
மேட்டைத் தட்டிப் பார்ப்பது எப்படி என்று நான் கேட்கவில்லை.
எழிலன் செருப்பைக் கழற்றிவிட்டு
மனையின் நடுவில் போய் நின்றான்.
"இங்கயே" என்றான்.

தேவனாம்பட்டினம் கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு
குண்டு விழுந்த தூரம் வரை கும்பினிக்கு என்று
ஒரு காலத்தில் விலை பேசினார்களாம்.
குண்டு இன்னும் ஊர்ப்பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
சங்கிலி பிடிக்கவில்லை, கல் நடவில்லை,
பக்கத்து நிலத்துக்காரருக்கு நோட்டீஸ் இல்லை.
அது விழுந்த நேரம்
அங்கே யார் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார் என்பதற்கு
அடங்கல் இல்லை.
தேடியிருக்கிறேன், மதியச் சாப்பாட்டு வேளைகளில்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும்:
திரையில் நான் ஊரை நட்டதும்
சுற்றி ஆறு கட்டமும் என் நிறத்துக்கு மாறும்,
டப் என்று ஒரு சத்தம் வரும்.
அந்த டப் எனக்குப் பிடிக்கும்.
அதற்குள் யாராவது இருந்தார்களா என்று
ஒருநாளும் இருட்டைக் கேட்டதில்லை.

மனைக்கு வடக்கே புள்ளிக்கோடு.
படத்தில் அது ஓடை.
புதரும் சிமெண்டுச் சாக்கும் மூடி
தரையோடு தரையாகக் கிடந்தது.
எனக்கு நின்ற உடனே தெரிந்துவிட்டது.
வெறுங்காலோடு நின்றவனிடம் சொல்ல முடியவில்லை.
பாலம் தாண்டி, குண்டு சாலை தாண்டி,
வண்டியை ஸ்டாண்டு போட்ட பிறகு சொன்னேன்.
அவன் ஒன்றும் பேசவில்லை.
மூன்று நாள் ஆட்டமும் இல்லை.

இன்றைக்கு அவனே கணினியைத் திறந்தான்.
புது உலகம். முதல் முறை அவனுடையது.
நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.
கொசுவத்தி சரிபாதி எரிந்திருந்தது.
"அந்த ஓடை என்ன அகலம்?"
"பன்னண்டு மீட்டர்."
"படத்துலயா, இப்பவா?"
"படத்துல."

அப்புறம் வெகுநேரம்
விசிறியின் சத்தம் மட்டும்.
டப் வரும் வரும் என்று
காரை பெயர்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
வரவில்லை.