காலி செய்த முகவரி

வெள்ளி இரவு பதினொன்றேகால்.
கக்கதாசபுராவின் குறுக்குத் தெருவில்
தண்ணீர் லாரி பின்வாங்கும் ஓசை.
குருகிரண் போனில் சொல்கிறான்:
"வெளியிலேர்ந்து ஒருத்தர் அனுப்பியிருக்கார், மேடம்.
நாப்பத்து மூணு வரி. திறந்தா பிரவுசர் விழுது.
விழுந்தாக்கூடப் பரவாயில்ல,
சில நேரம் விழாம நிக்குது."

விழாமல் நிற்பதுதான் பயம்.

ஒரு படம் திரையில் எழும்பிக்கொண்டிருக்கிறது.
பாதியில் பக்கம் அதை அழித்துவிடுகிறது.
அதற்கென ஒதுக்கிய நினைவகம் காலியாகி
அடுத்து வருபவருக்குப் போகிறது.
வரைகிற கை மட்டும்
பழைய முகவரியை விடுவதில்லை.
போய்க் கதவைத் தட்டுகிறது.
யார் திறந்தாலும்
அவர் சொன்னதைச் செய்கிறது.

எனக்குப் புரியாத சங்கதியில்லை இது.

இந்த வீட்டுக்கு வந்து பதினாலு மாதம்.
எனக்கு முன்னால் இருந்தவள் அனிந்திதா.
முகம் தெரியாது, செருப்பு அளவு தெரியும்.
அவள் பெயருக்கு இன்னும் பெட்டிகள் வருகின்றன.
ஓனர் முனிவெங்கடப்பா
பெயிண்டுக்குப் பிடித்ததுபோக
அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.
முகவரியை யாரும் திருப்பி வாங்கவில்லை.

ரொம்ப நாள் "அவங்க இல்லை" என்றேன்.
ஒரு மழை இரவில்
ரெயின்கோட் சொட்டச் சொட்ட நின்ற பையன்
"அனிந்திதா மேடம்?" என்றான்.
"ஆமா" என்றேன்.
ஓடிபிகூடக் கேட்கவில்லை.

உள்ளே ஒரு டின், பனைவெல்லப் பாகு,
வங்காளத்தில் எழுதிய சீட்டு,
அவள் அம்மாவின் கையெழுத்தாக இருக்கலாம்.
சீட்டைப் படிக்கத் தெரியாது.
டின்னைக் காலி செய்யப் பன்னிரண்டு நாள் ஆனது.

ஒன்றரை மணிக்கு
தப்பான வரி அகப்பட்டது.
யார் எழுதியது என்று தேடினான் குருகிரண்.
தேடாதே என்று சொல்லியிருக்கலாம்.
ஆறு வருஷத்துக்கு முந்தைய மார்ச்.
என் பெயர்.
மாற்றத்துக்கு நானே வைத்த குறிப்பு:
சும்மா ஒரு ஒழுங்குபடுத்தல்.

போனில் கொஞ்ச நேரம் அவன் வீட்டு மின்விசிறி மட்டும் கேட்டது.
பிறகு "சாப்பிட்டீங்களா, மேடம்?" என்றான்.

திருத்தம் ஒன்பது வரி.
அழிக்கும்முன் கேள்,
யாராவது இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாரா?
இருந்தால் பொறு.
விண்டோஸில் பச்சை. மேக்கில் பச்சை.
பழைய ஆண்ட்ராய்டில் மட்டும் சிவப்பு,
விடியும்போது ஒருவழியாக அதுவும் பச்சை.
வெளியீட்டுக் குறிப்பில் மூன்றே சொல்:
நினைவகப் பிழை சரிசெய்யப்பட்டது.
அதற்கு மேல் விளக்கினால்
இன்னும் பூட்டு மாற்றாதவர்களின்
கதவு எண்ணை ஊருக்குச் சொன்னதாகிவிடும்.

புதன் காலை, மல்லேஷ்பாளையா தர்ஷினி.
பில் போடும் கம்ப்யூட்டரின் மூலையில்
நாங்கள் அனுப்பியது வந்து நிற்கிறது:
புதிய பதிப்பு தயார், மீண்டும் தொடங்கலாமா?
வரிசையில் எனக்குப் பின்னால் எட்டுப் பேர்.
கல்லாக்காரர் நிமிராமல்
'பிறகு' என்பதை அழுத்துகிறார்.
அழுத்திப் பழகிய விரல்.
"அண்ணா, அது..." என்றேன்.
"ஏனு மேடம்?"
"ஒரு காராபாத்."

அன்று சாயங்காலமும் மழை.
மணி அடித்தது. வேறு பையன், அதே ரெயின்கோட்.
"அனிந்திதா?"
"இங்கே இல்லப்பா."
அவன் பெட்டியைப் பார்த்தான்,
கதவில் ஒட்டிய எண்ணைப் பார்த்தான்,
திரும்பவும் பெட்டியை.
"அட்ரஸ் சரிதானே, மேடம்?"

அட்ரஸ் சரிதான்.