சொல்வதை எழுதுபவள்

ஹட்டனில், பரீட்சை மண்டபத்தின் கடைசி மேசை.
பத்மசீலன் சொல்வான், நான் எழுதுவேன்.
கைக்கு அபிப்பிராயம் கூடாதென்று
மேற்பார்வையாளர் இருமுறை சொல்லிவிட்டார்.

நாலாம் வினா. ஆண்டைப் பிழையாகச் சொன்னான்.
எனக்குத் தெரியும். இதே வரலாற்றில்தான்
வெட்டுப்புள்ளிக்குச் சற்றே கீழே
நின்றுபோனவள் நான்.
பேனை தாளைத் தொடாமல் ஒரு கணம்.

"என்ன அக்கா, எழுதுற சத்தம் கேக்கல்லயே?"
எழுதினேன், அவன் சொன்னபடியே.

தகரத்தில் மழை பிடித்தது.
தலையைச் சரித்து இருந்தவன்
"அந்த வருசத்த வெட்டுங்க" என்றான்.
சரியானதைச் சொன்னான்.
வெட்டினேன், தாள் கிழியப் பார்த்தது.

நினைவு வந்ததா,
நான் தயங்கியது காட்டிக் கொடுத்ததா?
கொட்டகலை பஸ்ஸில் அதையே உருட்டிக்கொண்டு வந்தேன்.
யன்னலோரம், மடக்கிய வெள்ளைப் பிரம்போடு அவன்,
வியாழக்கிழமை அளவையியலுக்கும் வருவேனா என்று கேட்டு
பதிலுக்குக் காத்திராமல்
வடைப் பொதியைப் பிரித்தான்.