முகம் குப்புற

கல்முனைக் கோர்ட்டுக்கு எதிர்க்கடையில்
போட்டோக்கொப்பி அடிப்பவன் நான்.
தாளை முகம் குப்புறத்தான் வைக்க வேண்டும்.
பச்சை வெளிச்சம் எல்லாவற்றையும் வாசித்துவிட்டுப் போகும்,
அதற்கு ஒன்றும் ஆவதில்லை.

கரண்ட் போன மத்தியானங்களில் துப்பறியும் நாவல்.
கொலையைக் கண்ட கிளாக்கர்
"போனில் சொல்ல ஏலாது, நேரில் வாங்க" என்பான்.
அடுத்த அத்தியாயத்தில் அவன் இருக்கமாட்டான்.
மடையன், போனிலேயே சொல்லியிருக்கலாம் என்று
சிரித்திருக்கிறேன்.

மாசியில் ஒருநாள்
ஒரே வட்டைக் காணிக்கு இரண்டு உறுதி வந்தது.
காலையில் மஸாஹிரா கொண்டுவந்தது
எழுபத்தொன்பதாம் ஆண்டு.
பின்னேரம் வெள்ளைச் சட்டைக்காரர் நீட்டியது
அறுபத்தொன்று.
அதன் முத்திரை மை
என் பெருவிரலில் ஒட்டியது.

"வாசிச்சியா தம்பி?"
"கண்ணாடி இல்லாம எழுத்துத் தெரியா சேர்."
கண்ணாடி மூக்கில் இருந்தது.
அதையே பார்த்தார்.
மிச்சக் காசு வாங்காமல் போனார்.

கடன் கொப்பியில் மஸாஹிராவின் நம்பர்,
இருபது ரூபாய் பாக்கி.
மூன்று தரம் கழுவியும் போகாத விரலால்
அழுத்தினேன்.
"ஹலோ, யாரு?"

நேரில் வாங்க என்றுதான்
வாயில் வந்தது.