மீதி

பாபநாசம் வண்டியில் பதினேழு வருசமாக நடத்துநர்.
எனக்குப் படம் பார்க்கத் தெரியாது என்கிறான்
டிரைவர் உச்சிமாகாளி.

முதல் படத்தில் அந்தப் பெண்
மருந்துக்கடையில் நூறு ரூபாயை வைத்துவிட்டு
மீதி வாங்காமல் ஓடினாள்.
பிள்ளைக்குச் சுகமில்லை, அவசரம்
என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவதில் சலூன்.
காதோரம் நுரைகூடத் துடைக்காமல்
தாளை வீசிவிட்டுப் போகிறான் வீட்டுக்காரன்.

மூன்றாவது சண்டைப் படம்.
அதிலும் டீக்கடைக் கல்லாவின் மேல்
ஏழு ரூபாய்.
கடையே எரிகிறது,
காமிரா அதைவிட்டு நகர மாட்டேன் என்கிறது.

'சாதியைப் பத்தி எடுக்கான்வே.
மழை இல்லாம ஒரு படம் உண்டா அவனுக்கு?'
இருக்கலாம்.
எனக்கென்னவோ
இந்த ஆள் யாருக்கோ தர வேண்டியிருக்கிறது.

நேற்று ஜங்ஷனில் நாலாவது.
கடை வரும்போதெல்லாம்
சீட்டு நுனிக்கு வந்துவிட்டேன்.
எல்லாரும் எண்ணி வாங்கிக்கொண்டார்கள்.
கடைசியில் ஒருத்தன்
பூட்டிய கடை முன்னால் கை நீட்டி நிற்கிறான்.
வாங்கவா, கொடுக்கவா,
பார்ப்பதற்குள் விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

காலையில் வீரவநல்லூரில்
ஒரு பையன் குதித்து இறங்கினான்.
டிக்கெட்டுக்குப் பின்னால்
நான் எழுதிக் கொடுத்த பன்னிரண்டு ரூபாய்.
'ஏலே, மீதி!'
உச்சிமாகாளி கியரை மாற்றிவிட்டான்.

சேரன்மகாதேவி தாண்டியும்
பைக்குள் போடவில்லை.
பத்து ரூபாய்த் தாள் வியர்வையில் ஊறிப்போய்,
ரெண்டு ரூபாய்
சுடச்சுட.