பாக்கி

நாலரைக்கு விசில்.
நாலு முப்பத்தொன்றுக்கு எழுந்தவன்
சரளையில் பத்துக் குட்டிக்கரணம் போடவேண்டும்.
இந்தச் செஞ்சரளையை எனக்குப் பத்தொன்பது வருஷமாகத் தெரியும்,
முதுகுக்குத் தெரிந்தது இங்கே வந்துதான்.

என் பெயர் வைரவன்.
உஸ்தாத் வாயில் பைரவ்.
பதிவேட்டில் இருநூற்றுப் பதினாலு.
எதைக் கூப்பிட்டாலும்
தொண்டை கிழிய ஒரே பதில்.

வந்த அன்றைக்கு முடிவெட்டியவர்
ஒரு மணி நேரத்தில் அறுபது தலைகளை முடித்தார்.
குழாயடிக் கண்ணாடியில்
இத்தனை நேரம் நான் பார்த்துக்கொண்டிருந்தது
பக்கத்தில் நின்ற ரிங்கு போரோவை என்று
அவன் பல் விளக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

ரிங்குவுக்கு அஸ்ஸாம், கோக்ரஜார்.
எனக்கு இங்கேயிருந்து ஒன்பது கிலோமீட்டர், பள்ளத்தூர்.
லீவுக்கு இருவருக்கும் ஒரே தூரம்:
ஆறு மாதம்.

ரொட்டி, உருளைக்கிழங்கு, ரொட்டி.
ஞாயிறு சோறு, இருபது நிமிஷம் போன்.
துப்பாக்கி நம்பர் தூக்கத்திலும் வருகிறது,
அக்கா நம்பரைப் பெட்டி மூடிக்குள் எழுதி வைத்திருக்கிறேன்.
பனியனில் ஏறிய செம்மண்
எந்த சோப்புக்கும் இறங்கவில்லை.
ரிங்கு அதை நிறம் என்றே நினைத்துவிட்டான்.

என்னிடம் ஒரு குறை.
வலது பாதம் வெளியே பார்க்கும்.
'பத்தக்' என்றார் உஸ்தாத். வாத்து.
அந்தப் பாதத்துக்கென்றே மூன்று மாதம் தனி வகுப்பு,
மத்தியானம் இரண்டு மணிக்கு,
தைலமர நிழலுக்குச் சரியாக ஓரடி வெளியே.
கதம் தால். கதம் தால்.
சுண்ணாம்புக் கோட்டின்மேல் போனேன், வந்தேன்.
கடைசியில் கொசுவலைக்குள்ளும்
இரண்டு கட்டைவிரலும் கூரையைப் பார்த்துக் கிடந்தன.
"செத்தவன் மாதிரி தூங்குறே" என்றான் ரிங்கு
உடைந்த இந்தியில், அதைவிட உடைந்த எனக்கு.

நேற்று இருபத்துநாலு கிலோமீட்டர் நடை.
முதுகில் மூட்டை, தோளில் துப்பாக்கி.
ராத்திரி புறப்பட்டு, கோட்டையூர் போய்த் திரும்புகையில்
பள்ளத்தூருக்குள் விடிந்தது.
ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள்,
எல்லாக் கதவிலும் பூட்டு.
"யாருக்குக் காவல் இருக்காங்க இங்கே?"
மூச்சுக்கு நடுவே ரிங்கு கேட்டான்.
முந்தாநாள் ராத்திரி இரண்டிலிருந்து நாலு வரை
காலி மைதானத்துக்கு நாம் யாருக்காக நின்றோமோ,
அவருக்குத்தான் என்று சொல்ல
இந்தி போதவில்லை.

முக்கில் சேவுகன் டீக்கடை.
ஆணியில் தொங்கும் நோட்டில்
எனக்கு ஒரு பக்கம். முந்நூற்று நாற்பது ரூபாய்.
சம்பளம் வந்ததும் அனுப்பியிருப்பேன்,
அவரிடம் இருப்பது பட்டன் போன்.
முன்பெல்லாம் இந்தக் கடையைத் தாண்ட
பெரிய வீட்டு மதிலை ஒட்டிய முடுக்குக்குள் நுழைவேன்.
முதுகைக் காட்டிப் பால் ஆற்றிக்கொண்டிருப்பார்,
என் செருப்பு இழுபடும் சத்தத்துக்கே
"வைரவா, பாக்கி" என்பார், திரும்பாமல்.

இன்றைக்கு முடுக்கு இல்லை.
நூற்றிருபது பூட்ஸ், ஒரே சத்தம்.
சேவுகன் திரும்பினார்.
வரிசை முழுக்கப் பார்த்தார், என்னையும்தான்,
விளக்குக் கம்பத்தைப் பார்ப்பதுபோல.
பிறகு வடிகட்டியோடு கையை நெற்றிக்குக் கொண்டுபோனார்,
எங்கள் எல்லோருக்குமாக.

என்ன தோன்றியதோ,
ஒரே ஒரு எட்டு
வலது பாதத்தை வெளியே விட்டேன்.

"பைரவ்!"
உஸ்தாத்துக்கு முதுகிலும் கண்.
சேவுகன் நிமிர்ந்தார், கேட்டார்.
அந்தப் பெயர் அவர் நோட்டில் இல்லை.
மறுபடி பாலுக்குக் குனிந்தார்.

முகாமுக்கு வந்து இருபது குட்டிக்கரணம்.
தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி ரிங்கு கேட்டான்,
நன்றாகத்தானே நடந்தாய், எதற்கு இது?
"முந்நூற்று நாற்பது" என்றேன்.
"இருபதுதானே சொன்னார்" என்று அவன்
பொறுமையாகத் திருத்தினான்.