இரண்டு ஐம்பது

முதலில் அணிலைத்தான் சந்தேகப்பட்டேன்.
சமாதானபுரம் மூன்றாம் தெருவில்
கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் கறுப்பு வயரில்
அதற்குத்தான் முழு உரிமை.
வந்து பார்த்த பையன் உச்சிமாகாளி
ஏணியில் நின்றபடியே சொன்னான்:
"வயரு நல்லாத்தான இருக்குக்கா.
பெட்டிய எடம் மாத்திப் பாருங்க."

மாற்றினேன்.
இரும்பு பீரோவின் தலையிலிருந்து
சன்னல் கம்பிக்கு, பாவாடை நாடாவில் கட்டி.
சன்னலிலிருந்து மிக்சிக்குப் பக்கம்.
அங்கே சட்னி தெறித்ததால்
சாமிப் படத்துக்குக் கீழே.
ஒரு வாரம் அதற்கும் சேர்த்துப் பத்தி காட்டினார் இவர்.
காதுகள் இரண்டையும் நிமிர்த்தி
வெள்ளாட்டங்குட்டி மாதிரி உட்கார்ந்திருந்தது.
போன் பண்ணினால் ஒரு குரல்
அணைத்து, பத்து எண்ணிப் போடச் சொல்லும்.
எண்ணுவேன்.
பச்சை வர நாலு நிமிஷம்.

நாலு நிமிஷம் என்றால்
அமெரிக்காவில் ஒரு டாக்டர்
யாரோ ஒருவருடைய ஈரலைப் பற்றிச் சொல்ல
நான் கேட்டு எழுதும் வாக்கியத்தின் மறுபாதி.
வீக்கம் இருக்கிறது, ஆனால்
என்று நின்றுபோகும்.
அந்த ஆனாலுக்குப் பின்னால் என்ன என்று தெரியாமல்
எத்தனை ராத்திரி.

சேனலை மாற்றினேன். ஒன்று, ஆறு, பதினொன்று.
பாஸ்வேர்டை மாற்றினேன்,
எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன்மேல் பழி போட்டு.
பாவம், அந்த மாதம் அவன் ஊரிலேயே இல்லை.

பிறகுதான் நோட்டு.
பால் கணக்கு நோட்டின் பின்பக்கம்
அறுபடும் நேரங்களை எழுதிவந்தேன்.
செவ்வாய் 5.40. புதன் இல்லை.
வியாழன் 5.50, ராத்திரி 11.05, 2.50.
வெள்ளி 2.45.
சனி 5.40, 1.10, 2.50, 4.20.
சாயங்காலம் பிடிபட்டுவிட்டது:
ஒருநாள் விட்டு ஒருநாள் ஆற்றுத்தண்ணீர் திறப்பார்கள்,
தெருவே மோட்டார் போடும், கரண்ட் மெலியும்,
பெட்டி ஒருமுறை செத்துப் பிழைக்கும்.
ராத்திரிக் கணக்குதான் இடித்தது.
மூணு மணிக்கு யார் தண்ணீர் ஏற்றுவது?

அன்றைக்கு ஹெட்போனைக் கழற்றிவைத்துக் காத்திருந்தேன்.
2.50.
ட்யூப்லைட் கண் சிமிட்டியது.
தலைக்கு மேலே ஒரு உறுமல்.
மாடிவீடு. டெல்பின்.

விடிந்ததும் நோட்டோடு படியேறினேன்.
சண்டைக்கு முதல் வாக்கியம்கூடத் தயார்.
மொட்டைமாடிக் கொடியில்
ஆறு விரிப்பு, ஆறும் சொட்டிக்கொண்டு.
பினாயில் வாசம்.
"ஹைகிரவுண்டுல இருந்து கூட்டியாந்து
இருவது நாளாச்சுக்கா.
வலப்பக்கம் வரல அவுகளுக்கு.
ராத்திரிதான் ரொம்ப…
மோட்டாரு சத்தம் கீழ கேக்குதோ?"
பகலெல்லாம் தூங்குகிறவளுக்கு
தன் தலைக்கு மேல் நடப்பதும் தெரியாது.
கேட்கவில்லை என்றேன்.
கையிலிருந்ததைத் துண்டுக்குள் தள்ளி
பால் கணக்கு என்றேன், அவள் கேட்காமலேயே.
வேறென்ன பேசுவது என்று தெரியாமல்
பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு வந்தேன்,
சாம்ராஜ் அண்ணாச்சிக்குப் பாட்டுப் போட்டுக் காட்ட.

நாலாம் நாள் அவளே இறங்கி வந்தாள்.
"தப்பா நினைக்காதீங்க,
ஒங்க நெட்டு சரியே இல்லக்கா.
மோட்டாரப் போட்டுட்டு வந்து பாத்தா
அவுகளுக்குப் பாட்டு நின்னு கெடக்கு."

சிரித்துவிட்டேன்.
ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை.

வண்ணாரப்பேட்டையில் ஆயிரத்து நானூறுக்கு
உள்ளங்கை அகலத்தில் ஒரு பேட்டரி,
பெட்டிக்கும் பிளக்குக்கும் நடுவே.
அவ்வளவுதான்.
ஈரல் வாக்கியங்கள் முழுசாக வருகின்றன.
ஆனாலுக்குப் பின்னால் பெரும்பாலும்
பயப்பட ஒன்றுமில்லை.

ட்யூப்லைட் இப்போதும் சிமிட்டும்போல.
திரையைப் பார்த்திருப்பவளுக்குத் தெரிவதில்லை
மேலே இன்றைக்கு எத்தனை விரிப்பு என்று.
நோட்டில் கடைசியாக, ஞாயிறு 2.50.
அதற்குக் கீழே, இடம் வீணாக்காமல்,
அரை லிட்டர், அரை லிட்டர்,
திங்கள் பால் இல்லை.