செம்பின் மறதி

பதுவாவில் மூன்றாம் நாளாக மூடுபனி.
சைக்கிளைப் பூட்டிவிட்டுக் கையுறையோடே வருகிறாள் லொரெதானா.
"இன்றைக்குச் சுருள்களை அணைத்துவிட்டுச் சுடுவோம்."
குவால்தியெரோ என்னைப் பார்க்கிறார்.
நான் பதிவேட்டைப் பார்க்கிறேன்.

அந்தச் செப்புத் தகட்டைப் பூட்டியவர் அவர்தான்.
மூன்று மில்லிமீட்டர்.
வளையம் முழுக்கப் போர்த்தி, ஓரிடத்தில் மட்டும்
வெட்டுவிட்டு, ஓரத்தின்மேல் ஓரம் ஏற்றி
நடுவே டெஃப்லான் தாள் வைத்தார்.
எண்கள் பிசகினால் இன்றும்
முதலில் அந்த வெட்டைத்தான் சந்தேகிப்பார்.

உள்ளே கொஞ்சம் ஹைட்ரஜன்,
ஒரு மூச்சுக்கும் காணாது.
மின்சாரம் பாய்ந்ததும் கோடி டிகிரியில்
எதையும் தொடாமல் மிதக்கிறது.
தொடாமல் என்பது நம் ஆசை.
அதற்கோ முறுக்கேறிய கயிறாய்
ஒரு பக்கம் நெளிந்து பார்க்க ஆசை.

நெளிந்து நெருங்கினால்
செம்பு கை ஓங்குவதில்லை.
வருகிறதன் அசைவையே தலைகீழாய் வாங்கி
தனக்குள் சுழலவிடுகிறது.
வந்தது தன் நிழலில் முட்டித் திரும்புகிறது.

செம்பிலும் மின்தடை உண்டே,
சுழன்றது வெதுவெதுப்பாய்க் கரைகிறது
ஐம்பது மில்லிசெகண்டில்.
பிறகு அந்த நெளிவு, அவசரமே இல்லாமல்,
சுவர் மறக்கிற வேகத்தில் வளர்கிறது.

"பழைய அலுமினியக் கூடு என்ன தடிமன்!
அசையவிட்டதா?"
"விடவில்லை. அதனால்தான்
அது எப்படி அசையும் என்றே நமக்குத் தெரியவில்லை."

சங்கு ஊதுகிறது.
திரையில் கோடு ஏறுகிறது, நிற்கிறது,
ஒரு சின்ன வீக்கம்,
மலையோரப் பாதையில் லாரி சாய்வதுபோல்
மெதுவாக, பிறகு மெதுவாக இல்லை.
நான் எழுதினேன்: முடிவு, நூற்றெண்பதாம் மில்லிசெகண்ட்.
குவால்தியெரோ வெட்டைப் பற்றி ஏதோ முனகினார்.
வெட்டில் குற்றமில்லை.

அடுத்தது, சுருள்களோடு.
நூற்றுச் சொச்சம் சுருள்கள், ஒவ்வொன்றும்
தன் மூலையில் காதை வைத்து
செம்பு மறக்க மறக்க
அடியெடுத்துக் கொடுக்கின்றன.
கோடு நிற்கிறது. நிற்கிறது.
மின்தேக்கிகள் காலியாகும்வரை நின்றது.
கைதட்டல் ஒன்றுமில்லை.
லொரெதானா அப்போதுதான் கையுறையைக் கழற்றினாள்.

இரவு பத்தரைக்கு வெளியே பனியில்
சைக்கிளை எந்தத் தூணில் பூட்டினோம் என்று
தடவித் தடவி நடக்கிறாள்.
"இடப்பக்கம்," என்று
வாசலிலிருந்து ஒரு குரல்.
"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்."